குடிநீர் விநியோகம் தனியாருக்குப் போகிறது: பகுதி சபைக் கூட்டத்தில் என்ன கேட்பது?

வாய்க்கால்மேடு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நகராட்சியில் குடிநீர் விநியோகத்தை அரசு–தனியார் கூட்டு முறையில் 30 வருடத்துக்கு ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் மன்றத்தில் தீர்மானம். அதற்கு முன்னால், எங்கள் பகுதி மக்கள் கேள்வி கேட்கக்கூடிய பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து நானும் இன்னும் இரண்டு பேரும் போகிறோம்.

இப்போது எங்களுக்கு 7 நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதுவும் ராத்திரி ஒன்றரைக்கோ இரண்டரைக்கோ வரும். அம்மா குழாயைத் திறந்தபடியே விட்டு, அதன் கீழே ஒரு காலி எவர்சில்வர் குடத்தை வைத்துவிட்டுப் படுப்பார். முதலில் காற்று சீறும், அப்புறம் குடத்தில் தண்ணீர் விழும். அந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் தூக்கம் இப்படித்தான். அதனால் ‘தனியார்’ என்ற சொல்லைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லும் வீடு எங்களுடையது இல்லை. தண்ணீர் ஒழுங்காக வந்தால் போதும்.

ஆனால் டீக்கடையில் பாதிப் பேர் “விலை ஏறிவிடும்” என்கிறார்கள், மீதிப் பேர் “கம்பெனி வந்தால்தான் வேலை நடக்கும்” என்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தவர் யாருமில்லை. இப்படிப்பட்ட திட்டம் நடந்த ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால், உங்கள் ஊரில் என்ன ஆனது, நாங்கள் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சாயக்காரர் மகன்:
தம்பி, நான் திருப்பூர். நீங்கள் கேட்டதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய பாடம் இந்த நாட்டில் இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். 90-களில் எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறிப்போய்விட்டது. அந்தத் தண்ணீரில் சாயம் போட்டால் ஷேடு நிற்காது. காலையில் போட்ட லாட் ஒரு நீலம், சாயங்காலம் போட்டது வேறொரு நீலம். அதனால் சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து ராவும் பகலும் டேங்கர் லாரி வரும். ஒவ்வொரு லாரியிலும் அப்பா ஒரு டம்ளர் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பனியன் ஏற்றுமதியில் கோடி கோடியாக டாலர் கொண்டுவந்த ஊரில் தண்ணீரைச் சோதிக்க ஒரு மனிதரின் நாக்குதான் இருந்தது.

அப்போதுதான் 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் வந்தது. தமிழக அரசு, ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர் சங்கம் மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. 2000-ல் 30 வருட ஒப்பந்தம். பவானிக்குப் பக்கத்தில் காவிரியில் எடுத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, ஒரு நாளைக்கு 185 எம்.எல்.டி., அதாவது 18.5 கோடி லிட்டர் கொண்டுவருவதுதான் திட்டம். செலவு 1,000 கோடிக்கு மேல். குடிநீரில் தனியார் பணம் இவ்வளவு பெரிய அளவில் இறங்கியது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

கணக்கு எப்படிப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் அளவில். வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அதில் சின்ன பங்குதான் விலை. ஆலை கொடுக்கும் கூடுதல் காசு வீட்டுத் தண்ணீரைத் தாங்கும். காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை, இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 2005-06 வாக்கில் தண்ணீர் வந்தது. அப்பா பழக்க தோஷத்தில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, முழுவதையும் குடித்தார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் “அணையே எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டு கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று 2006-ல் உத்தரவு. அது நிறைவேறாமல் போக, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். அந்த விவசாயிகள் கேட்டது நியாயம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் தண்ணீர் கம்பெனிக்கு? வாங்குகிற ஆளே ஒரே நாளில் காணாமல் போய்விட்டார். திரும்பப் பட்டறைகள் திறந்தபோது கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் புதுத் தண்ணீர் வாங்குவது குறைந்துவிட்டது. 18.5 கோடி லிட்டருக்குப் போட்ட குழாயும் அதற்கு வாங்கிய கடனும் மட்டும் அப்படியே நின்றன.

கணக்கன்:
அண்ணா, அப்போ அந்த நஷ்டத்தை யார் சுமந்தது? தனியார் முதலீடு என்றால் நஷ்டமும் தனியாருக்குத்தானே?

சாயக்காரர் மகன்:
அப்படித்தான் நாமெல்லாம் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கம்பெனியில் அரசின் பணமும் இருக்கிறது, பொதுத்துறை வங்கிகளின் கடனும் இருக்கிறது. கடனைத் திருப்பிக் கட்ட வழியில்லாமல் போனால் அது வங்கி வழியாக நம்மிடமே வந்துசேரும். அதைத் தொடங்கிவைத்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் 2018-ல் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். குழுமத்தின் கடன் மட்டும் 91,000 கோடி. மத்திய அரசே பழைய இயக்குநர் குழுவை நீக்கிவிட்டு வேறு ஆட்களைப் போட்டது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்றுதான். 2000-ல் கையெழுத்துப் போடும்போதே நொய்யல் கலர் கலராக ஓடிக்கொண்டிருந்தது, விவசாயிகள் வழக்குப் போட்டிருந்தார்கள். இந்தத் தொழிலின் தண்ணீர்த் தேவை இப்படியே இருக்காது என்பதற்கான சாட்சி ஊர் நடுவிலேயே ஓடியது. அதைத் தேவைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. தம்பி, உங்கள் கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: நீங்கள் எதிர்பார்க்கிற அளவு தண்ணீர் விற்கவில்லை என்றால் அந்தக் காசை யார் கட்டுவது? விலை எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ரிப்பன் மாளிகை எதிரில்:
மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கேள்வி கேட்பது என்ற இடத்துக்கே போக வேண்டாம். மக்களுக்கான சேவையைத் தனியாரிடம் கொடுக்கவே கூடாது.

2025 ஆகஸ்ட் மாதம் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்த மண்டலங்களின் குப்பை வேலை தனியாருக்குப் போகிறது, போனால் வாங்குகிற சம்பளம் குறையும், வேலை நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையும் போய்விடும் என்பதுதான் அவர்கள் கவலை. கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. நான் இரண்டு நாள் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த அக்கா கையைக் காட்டினார். கொரோனா நேரத்தில் கையுறை கிழிந்ததோடு வேலை பார்த்தபோது கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு. “அப்ப எங்களை முன்களப் பணியாளர்னு சொன்னாங்க தம்பி” என்றார்.

கூட்டு என்கிறார்களே, இந்தக் கூட்டில் அந்த அக்காவுக்கு என்ன பங்கு? ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்துப் போடுகிறது, கம்பெனி கையெழுத்துப் போடுகிறது. வேலை செய்கிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சாயக்காரர் மகன்:
தோழர், நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். வாய்க்கால்மேடு தம்பி, உங்கள் ஊரில் இப்போது வால்வு திறக்கிறவர், குழாய் ரிப்பேர் பார்க்கிறவர் எத்தனை பேர், அவர்கள் நாளைக்கு யாருடைய ஆட்கள் என்பதையும் கேளுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த வால்வு என்பது பல ஊரில் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நான் 34 வருடம் குடிநீர்த் துறையில் இருந்தவன். இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ‘தனியார்’ என்று ஒரே சொல்லில் நாம் பல விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் இரண்டு நிலையங்களைப் பாருங்கள். இரண்டும் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர் 2010-ல் வந்தது. அதைக் கம்பெனி தன் பணத்தில் கட்டியது. குடிநீர் வாரியம் 25 வருடம் தண்ணீரை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆரம்ப விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. 2013-ல் வந்த நெம்மேலி அப்படியில்லை. அரசுப் பணத்தில் கட்டியது, நிலையம் வாரியத்தின் சொத்து. கட்டியது தனியார் நிறுவனம்தான்.

மீஞ்சூர் மாதிரி ஏற்பாட்டில் நல்ல மழை பெய்து ஏரிகள் நிரம்பினாலும் வாங்குவதாகச் சொன்ன தண்ணீருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். அந்த வருடங்களில் அது வீண்செலவாகத் தெரியும். ஆனால் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தபோது, இந்த இரண்டு நிலையத்துத் தண்ணீர் வடசென்னைக்கும் தென்சென்னைக்கும் உயிர் கொடுத்தது. அதனால் ‘எடுக்காவிட்டாலும் காசு’ என்ற வரி இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வரி எதற்காக இருக்கிறது, எவ்வளவுக்கு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வறட்சிக்கு எதிரான காப்பீடு போல அது இருந்தால் நியாயம் உண்டு. தேவையைக் கூட்டிச் சொல்லி, இல்லாத வீடுகளுக்கும் இல்லாத ஆலைகளுக்கும் கணக்கெழுதி இருந்தால் உங்கள் பேரப்பிள்ளைகள்தான் கட்டுவார்கள்.

இன்னொன்று. குப்பை பற்றிப் பேசியதால் சொல்கிறேன். 2000-ல் சென்னையில் குப்பை அள்ள ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தபோது எடைக்குக் காசு. ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், எடை கூடுவதில்தான் லாபம். கட்டட இடிபாடும் மண்ணும் குப்பையோடு எடை மேடைக்குப் போகிறது என்ற புகார் அப்போதே எழுந்தது. குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டில் யாருக்கும் வர வழியே இல்லை. பல வருடம் கழித்து, 2020-ல் வந்த ஒப்பந்தத்தில்தான் எடையை விட்டுவிட்டு, தெரு எப்படி இருக்கிறது, வீட்டுக்கு வீடு வாங்கினார்களா என்று அளவுகோல் வைத்தார்கள். எதற்குக் காசு தருகிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும்.

கணக்கன்:
ஐயா, டெல்லி விமான நிலைய மெட்ரோ பற்றியும் சொல்லுங்களேன். அதுவும் இந்தக் கதைதானே?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அது வேறு விதம். சுரங்கமும் பாலமும் டெல்லி மெட்ரோ கழகம் கட்டியது, தண்டவாளமும் ரயிலும் ஓட்டுவதும் ரிலையன்ஸ் இன்ஃப்ரா. 2011-ல் ஓடத் தொடங்கி, 2012 ஜூலையில் பாலத்துத் தாங்கிகளில் கோளாறு என்று நிறுத்தப்பட்டது. யார் வேலையில் குறை என்று சண்டை. 2013-ல் கம்பெனி வெளியேறிவிட்டது, மெட்ரோ கழகமே எடுத்து ஓட்டுகிறது. 2017-ல் நடுவர் மன்றம் கம்பெனிக்கு 2,782 கோடியும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றம் சரி என்றது, 2024-ல் அதே உச்ச நீதிமன்றம் சீராய்வுக்கும் பிந்தைய மனுவில் அதை ரத்து செய்தது. ரயில் இப்போது நன்றாக ஓடுகிறது, அது வேறு விஷயம். கம்பெனி நடுவில் போனால் என்ன என்ற பக்கத்தை முதல் நாளே ஒழுங்காக எழுதாவிட்டால் 10 வருடம் வக்கீல்களுக்குத்தான் வேலை.

ஆலந்தூர்வாசி:
எல்லோரும் கசப்பாகவே எழுதுகிறீர்கள், நான் ஒரு நல்ல கதை சொல்கிறேன். ஆலந்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன் தனி நகராட்சி. 90-களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், மழை வந்தால் தெருவெல்லாம் அதுதான். கழிவுநீர் லாரிக்குச் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருப்போம்.

1996-க்குப் பிறகு நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி காலத்தில் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம், கடைகளுக்கு 10,000. வேலை தொடங்கும் முன்பே கேட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 என்பது எங்கள் வீட்டில் சின்ன தொகை இல்லை. என் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினார். ஏன் கட்டினார் என்றால், தெருத் தெருவாக வந்து கூட்டம் போட்டு, குழாய் எங்கே வரும், மாதம் எவ்வளவு ஆகும் என்று சொன்னார்கள். வங்கியில் கட்டிய ரசீது கையில் இருந்தது. அந்த ரசீதை அம்மா சாமி அலமாரியில் மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார், இணைப்பு வந்த பிறகும் தூக்கிப் போடவில்லை.

இதில் தனியார் முதலீடு எங்கே வந்தது தெரியுமா? பெருங்குடியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டும். குழாயும் இணைப்பும் கட்டண வசூலும் நகராட்சி கையிலேயே இருந்தன. எங்களுக்குப் புகார் என்றால் போக ஒரு அலுவலகம் இருந்தது, திட்ட ஒரு கவுன்சிலர் இருந்தார். எங்கள் ஊரில் இது வேலை செய்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்பது என் நம்பிக்கை. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

நாவலூர் டோல்:
ஆலந்தூர்வாசி சொன்னது நெகிழ்வாக இருந்தது. சாலைப் பக்கமிருந்து ஒரு வரி. பழைய மகாபலிபுரம் சாலையில் வருடக்கணக்காகச் சுங்கச் சாவடியில் காசு கொடுத்துப் போனவன் நான். 2021-ல் மெட்ரோ வேலைக்காக நான்கு சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள், நாவலூரில் 2023-ல்தான் நின்றது. அதுவரை எவ்வளவு வசூல், இன்னும் எவ்வளவு பாக்கி என்று சாவடியில் ஒரு பலகை இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. கணக்கை எங்கே ஒட்டிவைப்பீர்கள் என்று கேளுங்கள்.

சிறுவாணிப் பக்கம்:
கோவையில் இருக்கிறேன். இங்கே 2018-ல் சூயஸ் நிறுவனத்தோடு 26 வருட ஒப்பந்தம், 24 மணி நேரமும் தண்ணீர் என்று. அப்போது நடந்த போராட்டங்களில் நானும் நின்றேன். “கட்டணத்தை நிர்ணயிப்பதும் வசூலிப்பதும் மாநகராட்சிதான், கம்பெனி இல்லை” என்று விளக்கம் சொன்னார்கள். அது முக்கியமான விஷயம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கம் கையெழுத்து ஆன பிறகு வந்தது. சிறுவாணித் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரிடம் முன்னாடியே வந்து உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா?

வாய்க்கால்மேடுங்க, ஒப்பந்த நகல் கேட்டால் ‘வணிக ரகசியம்’ என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. தீர்மானத்துக்கு முன்னாடியே மனு போட்டுவிடுங்க.

வாய்க்கால்மேடு:
கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். 60 பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நீங்கள் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், கை கொஞ்சம் நடுங்கியது.

விற்காத தண்ணீருக்கு யார் காசு என்று கேட்டதும் உதவிப் பொறியாளர் கோப்பைப் புரட்டினார். இருக்கிறது. நகராட்சி ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் கவுன்சிலர் அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல்முறை பார்த்தார், மறைக்காமல் சொன்னார். அந்த அளவை எந்த மக்கள்தொகைக் கணக்கில் போட்டீர்கள் என்று பக்கத்துத் தெரு ஆசிரியை கேட்டார். எழுதிக்கொண்டார்கள். வால்வு ஆட்கள் 11 பேர். அவர்களைப் பற்றி வரைவில் ஒன்றுமே இல்லை. அதில் ஒருவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார், அவர் பேரைச் சொல்லிப் பொறியாளரே திரும்பிப் பார்த்தார். வரைவைத் தமிழில் நகராட்சி நூலகத்தில் வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவரை தீர்மானம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறோம்.

கடைசியில் அம்மா எழுந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. “தண்ணி பகல்ல வருமா, ராத்திரி வருமா சார்?” என்று கேட்டார். பொறியாளர் கோப்பில் நிறைய நேரம் தேடினார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்றுதான் இருக்கிறது, எந்த நேரம் என்று எங்குமே இல்லை. பொறியாளர் ஐயா, இதை எந்த வார்த்தையில் எழுதி வாங்குவது?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். 34 வருடத்தில் நான் எழுதிய எந்த வரைவிலும் அந்தக் கேள்வி இல்லை.

இப்படி எழுதிக் கொடுங்கள்: “24 மணி நேர விநியோகம் வரும்வரை, ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் மட்டுமே விட வேண்டும். நேரத்தை முந்தின நாளே தெருவில் அறிவிக்க வேண்டும். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் அழுத்தம் 7 மீட்டருக்குக் குறையக் கூடாது. தவறும் ஒவ்வொரு முறைக்கும் நிறுவனத்துக்குத் தரும் மாதத் தொகையில் பிடித்தம் செய்ய வேண்டும்.” 7 மீட்டர் என்றால் தண்ணீர் தானாக அந்த உயரம் வரை ஏறும் அழுத்தம். மாடி வீடுகள் அதிகம் இருந்தால் 7-ஐ 12 ஆக்குங்கள். ‘கடைசி வீடு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் அளந்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.